கொழுந்துக்கு அளந்த காற்று

1864இல் பெல்ஃபாஸ்ட் நகரத்து இளைஞரான சாமுவெல் டேவிட்சன், இந்தியாவின் கச்சார் பகுதியில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். அந்நாளில் உருட்டிய கொழுந்தைக் கரியடுப்பின்மேல் தட்டுகளில் பரப்பி உலர்த்துவார்கள். அடுப்பின் புகையும் தூளோடு சேரும். கொழுந்துக்கு வேண்டியது சூடான காற்று மட்டுமே, புகை அல்ல; இரண்டையும் எப்படிப் பிரிப்பது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்ட டேவிட்சன் 1877இல் சிறொக்கோ என்ற உலர்த்தியை உருவாக்கினார். 1881இல் பெல்ஃபாஸ்டில் தொழிற்சாலை தொடங்கினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள், முன்னோக்கி வளைந்த பல இதழ்கள் கொண்ட மையவிலக்கு விசிறி அவர் கையில் உருவானது. அந்த விசிறி கப்பல்களுக்கும் சுரங்கங்களுக்கும் போனது. 1903இல் பெல்ஃபாஸ்டில் திறக்கப்பட்ட ராயல் விக்டோரியா மருத்துவமனையின் வார்டுகளுக்கும் விசிறிகளே காற்றைச் செலுத்தின. மனிதர் இருக்கும் அறையின் காற்றைப் பொறியால் ஆள முயன்ற முன்னோடிக் கட்டடங்களில் ஒன்றாகக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ரேய்னர் பான்ஹம் இந்த மருத்துவமனையை 1969இல் விரிவாக எழுதினார்.

தேயிலைக்காகப் படித்த பாடம் நோயாளியின் நுரையீரல்வரை சென்றது. ஆனால் அதே விசிறிகளும் உலர்த்திகளும் வந்திறங்கிய இலங்கை மலையகத்தில், தொழிற்சாலைக்குச் சில நூறு யார் தள்ளியிருந்த, தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்துக்கு அந்தப் பாடம் போய்ச் சேரவில்லை. அடைபட்ட இடத்தில் கொந்தளித்து ஓடும் காற்றைக் கணினியில் உருவகிக்கும் கலை இன்று வெகுதூரம் வளர்ந்திருக்கிறது. அந்தக் கலையை ஒரு லயன் காம்பராவுக்குள் (லயத்தின் ஓர் அறைக்குள்) கொண்டுபோனால் அது என்ன சொல்லும், எங்கே தடுமாறும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் தொழிற்சாலை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில் காணும் பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் மூன்று நான்கு மாடிகள் உயர்ந்து, சுவரெல்லாம் யன்னலாக நிற்பது அழகுக்காக அல்ல. மேல்மாடிகள் கொழுந்து வாட்டும் இடங்கள். ஒரு காலத்தில் அங்கே சாக்குத்துணித் தட்டுகளில் கொழுந்தைத் தூவிவிட்டு, யன்னலைத் திறந்தும் மூடியும், கீழே உலர்த்தியறையின் சூட்டை விசிறியால் மேலே இழுத்தும் வாட்டினார்கள். பிறகு நீண்ட தொட்டிகள் வந்தன. ஏறத்தாழ ஆறடி அகலம். அடியில் காற்றறை, மேலே வலை, வலைமேல் கொழுந்து, ஒரு முனையில் விசிறி. நூறு கிலோ கொழுந்து அங்கே இரவெல்லாம் கிடந்து ஏறத்தாழ பாதி எடைக்கு இறங்கும். உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி முடிக்கும்போது தூளாக மிஞ்சுவது இருபத்தோரு, இருபத்திரண்டு கிலோ.

வாட்டலைக் கண்காணிக்க இரண்டு வெப்பமானிகள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழ் உலர்ந்தது, மற்றதன் குமிழில் ஈரத்துணி. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே காற்று எவ்வளவு ஈரத்தைக் குடிக்கும் என்பதன் அளவு. தென்மேற்குப் பருவமழையில் மஸ்கெலியா, டிக்கோயாப் பக்கம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமலே போகும். அப்போது சூடான காற்றைக் கலக்கவேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட குளிர்காற்றில் அது விரியும். மேற்குச் சரிவின் நல்ல மணமுள்ள தேயிலையும் அப்போதுதான் வரும். 1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் அக்கறைகளில் வாட்டலும் உலர்த்தலும் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளன. காற்றின் வெப்பம், ஈரம், வேகம், கொழுந்துப் படுக்கையின் கனம் எல்லாமே அங்கே எண்கள். டீமேக்கர் என்ற ஒரு பதவிக்காரர் இராத்திரி எழுந்துபோய்ப் பார்க்கிற எண்கள்.

இனி லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பொதுவாகச் சொல்லப்படும் ஓர் அறை, முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை), மேலே தகரம். குடும்பம் பெருகியபோது இஸ்தோப்பை அடைத்தோ பின்னால் சாய்ப்பு இறக்கியோ குசினி ஆக்கிக்கொண்டார்கள். இடமில்லாதவர்கள் அறைக்குள்ளேயே அடுப்பை வைத்தார்கள். எரிப்பது விறகு: பெரும்பாலும் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிக் கட்டிவந்த மிலாறு. நாடளாவிப் பார்த்தாலும் 2012 குடிசன மதிப்பீட்டில் முக்கால்வாசிக்கு மேற்பட்ட வீடுகள் விறகிலேயே சமைத்தன. தோட்டப்புறத்தில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். நுவரெலியா கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே இருக்கிறது. பெரட்டுக்கு (காலை ஆளெடுப்புக்கு) போகுமுன் விடிகாலையில் அடுப்பை மூட்டும் பெண் கதவைத் திறந்துவைத்தால் பிள்ளை குளிரில் நடுங்கும், மூடிவைத்தால் புகையில் இருமும். வெளியிலிருந்து வந்து யன்னலைத் திறந்துவையுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றை மட்டுமே பார்க்கிறார்கள். அடுப்பு அங்கே சமைக்க மட்டும் எரிவதில்லை.

இந்தக் காம்பராவில் காற்றை நகர்த்தும் விசை எவ்வளவு என்று கையால் கணக்குப் போடலாம். 1,868 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 81 கிலோபாஸ்கல். கடற்கரையில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்கு. காற்றும் அந்த அளவுக்கு மெலிந்தது: கன மீற்றருக்கு ஒரு கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவு. (கொழும்பில் சோதித்து வாங்கிய விசிறி நுவரெலியாவில் அதே வேகத்தில் சுழன்றாலும், செலுத்தும் காற்றின் எடை ஆறில் ஒரு பங்கு குறையும். தொழிற்சாலைக்காரர்களுக்கு இது தெரிந்த கணக்கு.) வெளியே 12 பாகை, உள்ளே 22 பாகை, தரையோரத் துவாரத்துக்கும் கூரையோரத் துவாரத்துக்கும் இடையே இரண்டரை மீற்றர் உயரம் என்று வைத்தால், சூடான காற்றை மேலே தள்ளும் அமுக்க வித்தியாசம் 0.8 பாஸ்கல். மேசைமேல் கிடக்கும் ஒரு ஏ4 தாள் மேசையை அழுத்துவதும் அவ்வளவுதான். இத்தனை மெல்லிய விசையால் என்ன ஆகும் என்று தோன்றும். ஆனால் கீழே ஒரு சதுர அடி, மேலே ஒரு சதுர அடி திறந்திருந்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 50 லீற்றர் காற்று கடக்கும். 34 கன மீற்றர் அறையின் காற்று மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் மாறும். மேல் துவாரத்தை மட்டும் அடைத்தால் இந்தக் கணக்கே குலைந்துபோகும்.

இப்படிக் கையால் போடும் கணக்கு ஒரு சராசரியைத் தரும். புகை எங்கே நிற்கிறது, குந்தியிருக்கும் பெண்ணின் முகத்துக்கு எவ்வளவு வருகிறது, மூலையில் படுத்திருக்கும் குழந்தைக்கு எவ்வளவு என்று அது சொல்லாது. அதற்கு ஓட்டத்தின் உள்ளே போகவேண்டும். நேவியர் 1822இலும் ஸ்டோக்ஸ் 1845இலும் எழுதிய சமன்பாடுகள் எந்தக் காற்றுக்கும் பொருந்தும். தொல்லை சமன்பாட்டில் இல்லை. அதன் விடையில் வரும் சுழிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. 1883இல் மான்செஸ்டரில் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாயத்தை விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது சாயம் நூல்போல நேராகப் போனது. வேகம் கூடியதும் ஓரிடத்தில் திடீரெனச் சிதறிக் குழாய் முழுதும் கலந்தது. வேகம், அளவு, பிசுக்குமை ஆகியவற்றை ஒரே எண்ணில் அடக்கினால் இந்த மாற்றம் எப்போது நிகழும் என்று கணிக்கலாம். நமது காம்பராவில் செக்கனுக்குப் பத்துச் சென்றிமீற்றர் நகரும் சோம்பலான காற்றுக்கும் அந்த எண் 16,000 அளவில் வருகிறது. அதாவது அசையாததுபோலத் தோன்றும் அறையிலும் காற்று கொந்தளிக்கிறது.

பெரிய சுழி சிறியதாக உடைகிறது, சிறியது இன்னும் சிறியதாகிறது, கடைசியில் பிசுக்குமை அதை விழுங்கி வெப்பமாக்குகிறது. 1941இல் ரஷ்யக் கணித அறிஞர் கொல்மகோரொவ் இந்தக் கடைசிச் சுழியின் அளவைக் கணிக்க வழி சொன்னார். அவர் வழியில் போட்டால் நமது அறையில் அது இரண்டு மில்லிமீற்றர். அறையை இரண்டு மில்லிமீற்றர்க் கட்டங்களாகப் பிரித்தால் 400 கோடிக்கு மேற்பட்ட கட்டங்கள். ஒவ்வொன்றிலும் வேகம், அமுக்கம், வெப்பம், புகை என எல்லாவற்றையும் செக்கனின் சிறு பின்னம்தோறும் கணக்கிடவேண்டும். ஒரு லயன் காம்பராவில் ஒரு வேளைச் சோறு வேகும் நேரத்தை இப்படி உருவகிக்கப் பெரிய மீக்கணினிகளே திணறும்.

ஆகவே குறுக்குவழி. 1895இல் ரெனோல்ட்ஸே அதைக் காட்டினார்: வேகத்தைச் சராசரி என்றும் ஏற்றஇறக்கம் என்றும் பிரித்து, சராசரிக்கு மட்டும் சமன்பாடு எழுதுவது. ஏற்றஇறக்கங்களின் விளைவு ஒரு தெரியாத உறுப்பாக மிஞ்சும். அதை ஊகித்து நிரப்பவேண்டும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் ஸ்போல்டிங்கின் குழு இந்த ஊகத்தை ஒரு தொழிலாகவே ஆக்கியது. இந்தியாவில் பிறந்த சுகாஸ் பதங்கர் அவரோடு சேர்ந்து 1972இல் வெளியிட்ட கணிப்பு முறை இன்றும் வணிக மென்பொருள்களின் அடியில் இருக்கிறது. 1974இல் லோண்டரும் ஸ்போல்டிங்கும் எழுதிய கட்டுரை கே-எப்சிலன் என்ற மாதிரியைப் பரவலாக்கியது. அதில் ஐந்து மாறிலிகள்: 0.09, 1.44, 1.92, 1.0, 1.3. இவை ஆய்வுகூடத்து எளிய ஓட்டங்களோடு ஒப்பிட்டுப் பொருத்தப்பட்டவை. அதே ஆண்டில் டென்மார்க்கில் பீட்டர் நீல்சன் தன் முனைவர் பட்ட ஆய்வில் அறையின் காற்றோட்டத்தை முதன்முதலாகக் கணினியில் கணித்தார். இந்த வழியில் நமது காம்பராவுக்கு ஐந்து சென்றிமீற்றர்க் கட்டங்கள் போதும். மூன்று இலட்சத்துக்கும் குறைவு. ஒரு சாதாரண மடிக்கணினி அதைச் செய்துவிடும்.

மாதிரி எங்கே பொய் சொல்லும் என்பதைத் தெரிந்துகொள்ள லயத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை லயத்தை எடுங்கள். பின்சுவர் அடுத்த குடும்பத்தின் பின்சுவர். கதவும் ஒரு சிறு யன்னலும் ஒரே முகப்பில். காற்று ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழியே இல்லை. வெளியே காற்று வீசும்போது வாசலில் நடப்பது என்ன? ஒரு வீச்சு உள்ளே தள்ளுகிறது, அடுத்த கணம் அறை அதைத் திருப்பித் தள்ளுகிறது. உள்ளே வந்ததும் வெளியே போனதும் நீண்ட நேரத்தில் சமம். சராசரி வேகம் மிகச் சிறியது. புகையை வெளியே கொண்டுபோவதில் பெரும்பங்கு இந்த ஏற்றஇறக்கங்களுடையது. சராசரி மாதிரியோ முதலிலேயே அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, ஐந்து மாறிலிகளால் ஈடுகட்டப் பார்க்கிறது. ஒருபக்கத் திறப்புள்ள அறைகளில் இத்தகைய மாதிரிகள் காற்றுமாற்றத்தைக் குறைத்துச் சொல்வதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. காற்று குறுக்கே ஓடும் பங்களாவுக்கு அதே மாதிரி நன்றாகவே வேலைசெய்யும்.

இதற்கு மாற்று, பெரிய சுழிகளை நேரடியாகக் கணித்து, கட்டத்தைவிடச் சிறியவற்றை மட்டும் ஊகிப்பது. 1963இல் வானிலைக்காக ஸ்மகொரின்ஸ்கி முன்வைத்த வழி அது. அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் தீ, புகை ஆகியவற்றுக்காக இந்த வழியில் எழுதிய மென்பொருளை 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகத் தருகிறது. வீச்சும் எதிர்வீச்சும் அதில் தெரியும். நாட்கணக்கில் ஓடவிடவேண்டும் என்பதுதான் விலை.

ஆனால் எந்தச் சமன்பாட்டைத் தேர்ந்தாலும் விடையை நிர்ணயிப்பது பெரும்பாலும் எல்லைகளில் நாம் என்ன எழுதுகிறோம் என்பதே. இங்கேதான் என் பார்வையில் விஷயம் கனக்கிறது. தகரக் கூரையை எடுங்கள். பாடநூல் உதாரணங்களில் கூரை வெப்பம் கடத்தாத மூடி. அப்படி வைத்தால் அடுப்பின் தணல்மேல் எழும் புகை கூரையடியில் ஒரு படலமாகத் தங்கி, கீழே ஓரளவு தெளிந்த காற்று இருக்கும்; 1956இல் மோர்ட்டன், டெய்லர், டர்னர் ஆகியோர் எழுதிய புகைத்தூண் கோட்பாட்டுக்குப் பொருந்திய அழகான படம். ஆனால் நுவரெலியாவின் தெளிந்த இரவில் தகரம் வானத்துக்கு வெப்பத்தைக் கதிர்வீசி, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதைத் தொட்ட புகை கனத்துச் சுவரோரமாக இறங்கி, தரைக்கு வந்து, மறுபடி அடுப்பை நோக்கி இழுபடும். அதாவது பாயில் கிடப்பவரின் முகத்துக்கு. கூரையின் வெப்பநிலை என்ற ஒரு வரியை மாற்றினால் படமே தலைகீழாகிறது.

மிலாறும் அப்படித்தான். காய்ந்தது சுறுசுறுவென எரியும், மழைக்காலத்தில் நனைந்தது புகைந்துகொண்டே இருக்கும். புகையின் அளவு பல மடங்கு வேறுபடும், தூணின் சூடும் வேறுபடும். இன்னொன்று, இடைச்சுவர். சில பழைய லயங்களில் அது கூரைவரை போவதில்லை. அப்போது பத்துக் காம்பராவும் தகரத்தடியில் ஒரே வெளி; ஒரு வீட்டில் அடுப்பணைத்தாலும் அடுத்த வீட்டுப் புகை வரும். தனியறை என்று உருவகித்தால் ஒரு குடும்பம் அடுப்பை மாற்றியதும் அதன் காற்று தூய்மையாகிவிட்டதாகக் கணினி காட்டும். இலங்கையில் 1980களிலிருந்து பரவிய அனகி என்ற இருவாய்க் களிமண் அடுப்பு விறகை மிச்சப்படுத்துகிறது. ஆனால் லயத்தில் அதன் பலனை வீடுவீடாக அளந்தால் பக்கத்து வீட்டையும் சேர்த்தே அளந்ததாகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2014 வழிகாட்டிக்குப் பின்னால் இருப்பதும் ஒரு மாதிரியே. புகைபோக்கி இல்லாத அடுப்பு நிமிடத்துக்கு 0.23 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகளை வெளிவிடக்கூடாது, புகைபோக்கி உள்ளது 0.80 வரை விடலாம் என்று அது இலக்கு வைக்கிறது. அந்த எண்கள் சமையலறையை ஒரே பெட்டியாகவும், புகை அதில் நொடியில் சீராகக் கலந்துவிடுவதாகவும் கொண்டு, அறையின் கொள்ளளவு, காற்றுமாற்ற வேகம் முதலியவற்றை ஆயிரக்கணக்கான தடவை மாற்றி மாற்றிப் போட்டுப் பெற்றவை. கொள்கை வகுக்க அது போதும். எளிமைக்காக அதைக் குறைசொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் கிராமத்து வீடுகளில் அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, சமையலிடத்தைத் தடுப்பில்லாத உள்ளறை, தடுத்த உள்ளறை, தனிக் குசினி, வெட்டவெளி என வகைப்படுத்தியே பார்த்தது. எரிபொருளைப் போலவே அறையின் அமைப்பும் கணக்கில் வந்தது. அந்த வகைகளில் எதிலும் லயம் முழுமையாக அடங்காது. மேலும், அந்தச் சமதரை வெயிலூர்களில் யன்னலைத் திறக்க யாரும் இருமுறை யோசிக்க வேண்டியதில்லை.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். முன்பே 4,000 வீடுகளுக்கான திட்டம் இருந்தது. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி, தனி வீடு. முதுகோடு முதுகு ஒட்டிய சுவர் இதில் இல்லை. காற்று குறுக்கே ஓடலாம். பெரிய மாற்றம்தான். ஆனால் எரிவாயு சிலிண்டரின் விலை ஏறும்போதெல்லாம் விறகு திரும்பி வருகிறது. 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாடு இது. ஆகவே புகைபோக்கி இன்னும் கேள்வியாகவே இருக்கிறது.

புகைபோக்கிக்குக் கணக்கு சாதகமானது. நான்கு மீற்றர் உயரக் குழாயில் சராசரியாக 100 பாகைச் சூட்டில் புகை ஏறினால் இழுவிசை 9 பாஸ்கல். தரையோரத் துவாரமும் கூரையோரத் துவாரமும் தந்த 0.8 பாஸ்கலைப்போலப் பதினொரு மடங்கு. ஆனால் செக்கனுக்கு ஐந்து மீற்றர் வேகத்தில் வீசும் காற்று 12 பாஸ்கல் அமுக்கம் தரும். பருவமழைக் காலத்தில் மேற்குச் சரிவுகளில் ஐந்து மீற்றர் ஒன்றும் பெரிய காற்றல்ல. மலைமுகட்டுக்குக் கீழே, சரிவை வெட்டிச் சமப்படுத்திய மேடையில் வீடு நிற்கும்போது, முகட்டைத் தாண்டிய காற்று கீழ்நோக்கிச் சுழன்று குழாயின் வாயில் விழுந்தால் புகை முழுக்க அறைக்கே திரும்பும். இதைப் பெட்டி மாதிரி சொல்லாது, கைக்கணக்கும் சொல்லாது. மலையையும் மேடையையும் வீட்டு வரிசையையும் சேர்த்துப் பெரிய சுழிகளை உருவகித்தால்தான் எந்த வீட்டில் குழாய் கூரைமுகட்டைவிட எவ்வளவு உயரவேண்டும், எந்தப் பக்கம் வைக்கவேண்டும் என்று சொல்லமுடியும். கணினி உருவகிப்பு தன் செலவுக்கு ஈடான பயனைத் தரும் இடம் இதுவே.

அதற்கு வேண்டியவை அரியவை அல்ல. மென்பொருள் இலவசம். பேராதனைப் பொறியியல் பீடம் ஹட்டனிலிருந்து ஒருநாள் பயணத்துக்குள். வேண்டியது அளவுகள்: விடிகாலை நான்கு மணிக்குத் தகரத்தின் வெப்பநிலை, கதவு திறந்திருக்கும் நிமிடங்கள், மிலாறின் ஈரப்பதம், அடுப்பணைத்தபின் அறையில் புகை எத்தனை நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவுக்குக் குறைகிறது என்ற நேரம் (அதுவே காற்று ஒருமுறை மாறும் நேரம்). வாட்டும் தொட்டியின் பக்கத்தில் தொங்கும் வெப்பமானிகளைப் போன்ற மலிவான கருவிகள் இவற்றில் பாதியைப் பிடித்துத் தந்துவிடும். ஒரே தோட்டத்தில் ஒரு பழைய இரட்டை லயத்திலும் ஒரு புதிய தனி வீட்டிலும் ஜனவரியின் வறண்ட குளிரில் ஒரு வாரமும் ஜூலை மழையில் ஒரு வாரமும் இப்படி அளந்தால், புதிய மேடைகளை வெட்டுமுன் குழாய் எங்கே நிற்கவேண்டும் என்று வரைபடத்திலேயே குறித்துவிடலாம்.